திரையில் 18, அறையில் 23

போன செமஸ்டர் விடுமுறையில் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் எனக்குத் தொழிற்பயிற்சி. இரண்டாவது வாரமே ஒரு ரகசியம் தெரிந்துவிட்டது. அறைச் சுவரில் இருக்கும் ஏர்கோன் பொத்தானை 18 வரை இறக்கலாம். திரையும் 18 என்றுதான் காட்டும். ஆனால் உள்ளே 23-க்குக் கீழே போகாதபடி பூட்டி வைத்திருந்தார்கள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. "குளிரவே இல்லை" என்று புகார் வந்தால் டெக்னீஷியன் அண்ணன் போவார், பொத்தானை நாலு தடவை அமுக்குவார், "இப்ப ஓகே" என்பார். சிலர் போன் போட்டு நன்றிகூடச் சொல்வார்கள்!

ஒருநாள் இரவு அண்ணன் லீவு, என்னை அனுப்பினார்கள். ஈப்போவிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த ஓர் அம்மா. வெக்கை ஒத்துக்கொள்ளாதாம், முதல் நாள் இரவெல்லாம் தூக்கமில்லையாம். நானும் பொத்தானை அமுக்கினேன். "சரியாயிடுச்சும்மா" என்றேன். "நல்லா இருப்பா தம்பி" என்று ஒரு பாக்கெட் முறுக்கைக் கையில் கொடுத்தார். அது எனக்கு இறங்கவில்லை.

ஹோட்டல் பக்கமும் நியாயம் உண்டு. 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரிய ஹோட்டல்களில் சில்லரிலிருந்து சுமார் 7 பாகை குளிர்நீர் குழாய் வழியாக அறைக்கு வரும். விசிறி அந்தக் குளிரைக் காற்றில் ஊதும். தெர்மோஸ்டாட் வால்வைத் திறந்து மூடும், அவ்வளவுதான். விசிறி வேகம் ஒன்றாக இருந்தால் 16-க்கும் 23-க்கும் அதே குளிர்நீர்தான். 16-இல் வால்வு மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அறையை அளவுக்கு மீறிக் குளிரவைத்துக் கதவைத் திறந்தால் சுவர் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். 2011-இல் நம் அரசாங்கமே அரசு அலுவலகங்களில் 24-க்குக் கீழே வைக்காதீர்கள் என்றது. ஆனால், அதைச் சொல்லிவிட்டுச் செய்தது.

நாமும் யோக்கியமில்லை. சாவி அட்டை செருகும் இடத்தில் வேறு அட்டையைச் செருகி, ஏர்கோனை ஓடவிட்டுச் சாப்பிடப் போவோமே! பினாங்குப் பயணத்தில் நானே பழைய மாணவர் அட்டையைச் செருகியவன். "காசு கொடுத்தாச்சுல்ல" என்ற அதே நியாயம்.

அண்ணனிடம் புலம்பினேன். "நன்மை வரும்னா பொய்யும் உண்மைதான்னு வள்ளுவரே சொல்லியிருக்காருடா" என்று மடக்கினார். வீட்டுக்குப் போய் 292-வது குறளை எடுத்துப் பார்த்தேன். அந்த நன்மை குற்றமில்லாததாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அண்ணன் அதை வசதியாக விட்டுவிட்டார். மின்சாரம் மிச்சமானது நல்லதுதான். பில் குறைந்தது ஹோட்டலுக்கு, தூக்கம் போனது அந்த அம்மாவுக்கு. 23-தான் வரும் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், ஒரு மேசை விசிறியாவது கேட்டிருப்பார். எங்கள் ஸ்டோரில் நாலு விசிறி சும்மா கிடந்தன. மறுநாள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்; அவர் கிளம்பிவிட்டார்.

"இந்த அறையில் குறைந்த அளவு 23, விசிறி வேண்டுமானால் கேளுங்கள்" என்று ஓர் அட்டை வைக்கலாமே என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். புகார்தான் கூடும் என்றார். கூடலாம். பயிற்சி அறிக்கையில் அந்த யோசனையையும், நான் சொன்ன பொய்யையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை.