எளியவன் ஜெயிக்கையில்

1990 ஜூன் 8. மிலான் நகரில் உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டம். மரடோனா தலைமையில் ஆடிய நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை 1-0 என்று கேமரூன் வீழ்த்தியது. கோல் போட்டவர் ஓமாம் பியிக். சிவப்பு அட்டை வாங்கி இருவர் வெளியேறிவிட, ஆட்டம் முடிகையில் கேமரூனுக்கு ஒன்பது பேர்தான் மிச்சம். அந்தப் பதிவை இப்போது பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கேமரூன் எங்கே, நாம எங்கே? அப்புறம் ஏன் இந்தச் சந்தோஷம்? இரக்கம் என்பார்கள். இரக்கம் மேலே இருக்கிறவன் கீழே பார்ப்பது. கேமரூன் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே பந்து, ஒரே விதி. 'இவன் தோற்கப் பிறந்தவன்' என்று முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பு கண்ணெதிரே பொய்யாகிறதே, அதில் வரும் சந்தோஷம் இது.

தூரத்து எளியவனுக்குக் கைதட்டுவது சுலபம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் அவர். அரையிறுதியில் அணி அர்ஜென்டினாவிடம் தோற்றதும், ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோல்வி என்று சாதி சொல்லி ஏசியதாகக் குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது.

கேமரூனுக்குத் தட்டுகிற கைகள் அந்த வாசலுக்கு ஏன் வரவில்லை? கேமரூன் ஜெயித்தால் இங்கே யாருக்கும் நஷ்டமில்லை. பக்கத்துத் தெருக்காரி ஜெயித்தால், தான் மேலே என்கிற நினைப்பு போய்விடும். அதை இழக்கச் சம்மதிக்கிறவன்தான் எளியவன் பக்கம் நிற்கிறான். மத்தவன் ஆட்டம் பார்க்கிறான், அவ்வளவுதான்.