ஹை ரிஸ்க்

என் 39ஆவது வயதில், இரண்டாவது கர்ப்பத்தின் 12ஆம் வாரத்தில் ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது. எட்வர்ட்ஸ் சின்ட்ரோம், ஹை ரிஸ்க். அதாவது, 18ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. "உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார் மாமியார். 45 வயது மகனிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதல்ல, கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேரும் பிழை.

அது சந்தேகம் மட்டுமே என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ துணுக்குகளை வைத்துச் சொல்லும் கணிப்பு அது. கோளாறு எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்குப் பொய் எச்சரிக்கைகளின் பங்கு கூடும். உறுதிசெய்ய 16ஆம் வாரத்தில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்தார்கள். முடிவு வர 16 நாள். அத்தனை நாளும் நான் என் வயிற்றைத் தொடவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் பார்பரா காட்ஸ் ராத்மன் 1986இலேயே இதற்குப் பெயர் வைத்துப் புத்தகம் எழுதியிருக்கிறார்: உறுதிப்படாத கர்ப்பம்.

கருவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதித்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்து மேடையேறிப் பேசியவள் நான். அதே சட்டம் குரோமோசோம் கோளாறுகளைச் சோதிக்க அனுமதிக்கிறது. பெண் என்பதால் வேண்டாம் என்பது அநீதி என்றால், குறைபாடு என்பதால் வேண்டாம் என்பது? பெண்குழந்தையின் துன்பம் முழுக்க நாம் செய்து வைத்தது. எட்வர்ட்ஸ் குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டுகூட வாழ்வதில்லை. பலருக்கு இதயமே சரியாக அமைவதில்லை. எந்தச் சீர்திருத்தமும் அதை மாற்றாது. ஆனால் அதே தாளில் இருந்த இன்னொரு பெயர், டவுன் சின்ட்ரோம், அப்படியல்ல. அறுபது வயதுவரை வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி, சேர்க்க மறுக்கும் பள்ளியாலும், "யார் பார்த்துக்கொள்வது?" என்றால் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதாலும் வருவது. இரண்டுக்கும் அந்தத் தாளில் ஒரே சொல்தான், 'ரிஸ்க்'.

கருக்கலைப்புக்கு வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். மருத்துவமனைப் படிவத்திலோ கணவர் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. (முதலில் அதைத்தான் காட்டினார்கள்.) கலைக்கும் உரிமையை நான் எவருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் பெற்றால் தாங்கிப்பிடிக்க ஆளில்லாத வீட்டில் உட்காரவைத்து, "உங்க சாய்ஸ்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனவர்கள் எனக்குக் கொடுத்தது அந்த உரிமையைத்தானா?

முடிவு இயல்பாக இருப்பதாக வந்தது. வீட்டில் மைசூர்பாகு வாங்கிவந்தார்கள். கலைத்துவிடுவதென்று 14ஆம் நாளே நான் தீர்மானித்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை.