நம்பிக்கை சாக்காகலாமா?

காஞ்சிபுரத்து மக்களுக்குக் காத்திருக்கத் தெரியும். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீருக்குள் பள்ளிகொண்டிருக்கும் அத்திவரதர், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே எழுந்தருளுகிறார். 1979-க்குப் பிறகு 2019-ல் வந்து, 48 நாள் தரிசனம் தந்து, மீண்டும் நீருக்குள் சென்றுவிட்டார். இனி 2059-ல்தான். ஆனால் அதுவரை கோயிலில் விளக்கேற்றாமல் யாரும் இருக்கப்போவதில்லை. நித்திய பூஜை நடந்துகொண்டுதான் இருக்கும்.

விஞ்ஞான உலகமும் ஒரு வரவுக்காகக் காத்திருக்கிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறும்போது பிறக்கும் சக்தியை, மண்ணில் ஓர் உலைக்குள் பிறப்பிக்க வேண்டும் என்ற ஆசை அது. அந்த உலை கரியமில வாயுவைக் கக்காது. அதன் எரிபொருளில் ஒரு பாதியான டியூட்டீரியம் கடல்நீரிலேயே இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

1955-ல் ஜெனிவா மாநாட்டுக்குத் தலைமை வகித்த நம் ஹோமி பாபா, இன்னும் இருபது ஆண்டுகளில் இதற்கு வழி கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். 1975 வந்தது, போயிற்று. 1989-ல் காந்திநகரில் 'ஆதித்யா' என்ற சோதனைக் கருவி இயங்கத் தொடங்கியது. பிரான்சில் பல நாடுகள் கூடிக் கட்டும் 'ஈட்டர்' உலையில் இந்தியாவும் பங்காளி. அதில் முழு எரிபொருளுடன் சோதனை 2039-ல்தான் என்று 2024-ல் அறிவித்தார்கள். அதுவும் சோதனைதான், அந்த உலை ஒரு வீட்டுக்கும் விளக்கேற்றாது.

2022 டிசம்பரில் அமெரிக்க விஞ்ஞானிகள் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் சக்தி பெற்றார்கள். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று. வரவு மூன்று, செலவு முந்நூறு! எந்தக் குடும்பத் தலைவிக்கும் இந்தக் கணக்கு புரியும்.

என்னை உறுத்துவது இந்தக் கணக்கல்ல, மனித மனம். "எப்படியும் விஞ்ஞானம் வழி காட்டிவிடும்" என்று சொல்லிக்கொண்டு இன்றைய புகையை நாளைக்கு ஒத்திப்போடுகிறோமே, அந்த மனம். இன்று நாம் வெளியே விடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். நாளை வரும் சுத்தமான உலை, நேற்றைய புகையைத் திரும்ப அழைத்துக்கொள்ளாது.

அதற்கு விலை கொடுப்பவர் யார்? வெப்பமேறிய காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது; பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. காஞ்சியின் நெசவாளர் தெருவில் குழித்தறிக்குள் நீர் புகுந்தால் தறி நிற்கிறது. தெருவில் பாவு நீட்ட வழியில்லை. கையாலும் காலாலும் இயங்கும் தறி அது. உலகத்துப் புகையில் அந்த நெசவாளியின் பங்கு மிகச் சொற்பம். கடன் வாங்கியவன் ஒருவன், வட்டி கட்டுபவன் மற்றொருவன் என்றால் அதை எந்த தர்மம் ஒப்பும்?

ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பனையும் வைக்கத்தான் வேண்டும், பேரன் தின்னட்டும். ஆனால் பனை வைத்துவிட்டோம் என்பதற்காக இன்றைக்கு உலை வைக்காமல் இருப்பவன் வீட்டில் குழந்தைகள் பட்டினி கிடக்கும்.

அணுக்கருக்களை இணைக்கும் ஓர் உலை, பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் ஒளி நம் மொட்டைமாடியில் தினமும் விழுகிறது. அது கிளப்பிவிடும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கைக்கு எட்டியதைச் செய்துகொண்டே எட்டாததற்கு ஆசைப்படுவது நம்பிக்கை. எட்டாததைக் காட்டி, எட்டியதைச் செய்யாமல் விடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.