இரு பக்கமும் நம்மவர்

சரிநிகராய் நின்ற ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன? வென்றவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று நாம் ஏன் அடம்பிடிக்கிறோம்? 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹாக்கி அரையிறுதியை நினைக்குந்தோறும் இவ்வினா எழுகின்றது.

மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. எழுபது நிமிட ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த வேளையில் மலேசியா 2-1 என முன்னணியில் இருந்தது. அப்போது, மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய அஸ்லாம் ஷேர்கான், பெனால்டி கார்னர் ஒன்றைக் கோலாக்கிச் சமன் செய்தார். கூடுதல் நேரம் வழங்கப்பட்டது. ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3-2 என வென்றது. மார்ச் 15ஆம் நாள் பாகிஸ்தானை வீழ்த்திக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. மலேசியாவுக்குக் கிட்டியது நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் அதனினும் உயர்ந்த இடத்தை நம் நாடு இன்றளவும் எட்டவில்லை.

இனி, செந்தூலுக்கு வருவோம். இரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த ஊர் அது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அங்கே குடும்பம் குடும்பமாய் வேரூன்றினர். அந்த அரையிறுதியை வானொலியில் கேட்டிருக்கக்கூடிய செந்தூல் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மலேசிய அணியில் ஸ்ரீ சண்முகநாதனும் மகேந்திரனும் இருந்தனர். இந்திய அணியிலோ சென்னைத் தமிழரான வி. ஜே. பிலிப்ஸ் இருந்தார். எவர் பக்கம் கோல் விழுந்தாலும் அத்தொழிலாளியின் நெஞ்சில் ஒரு மூலை நொந்திருக்கும்.

உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியையும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். இருவருமே சோழர்; இருவர் சூடியதும் ஆத்தி; தோற்பவர் எவராயினும் நாணவேண்டியது அக்குடியே என்றார் புலவர். போரை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்தவருக்கு அவ்வுரிமை ஏது? 2-2 என ஆட்டம் நின்ற அந்தச் சிறுபொழுதே அவருக்கு வாய்த்த ஆறுதல். கூடுதல் நேரம் அதனையும் பறித்துக்கொண்டது.

எழுபது நிமிடம் சமமாய் நின்றவர்களைச் சில நிமிடங்களில் உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிப்பது நீதிதானா என்பாரும் உளர். கூடுதல் நேரம் முடிவைத் தரும். தகுதியை அளந்து தருவதில்லை. அமெரிக்கரின் பேஸ்பாலில் இப்பிடிவாதம் இன்னும் கடுமை. ஒன்பது சுற்றில் முடியவேண்டிய ஆட்டமொன்று 1981ஆம் ஆண்டு பாட்டக்கெட் நகரில் முப்பத்து மூன்று சுற்றுவரை நீண்டது. ஏப்ரலில் தொடங்கி, இடையில் நிறுத்தப்பட்டு, ஜூன் மாதத்தில்தான் முடிந்தது. முப்பத்திரண்டு சுற்றுகள் நிகராய் நின்றோரை ஒரு சுற்று தாழ்த்திவிடுமா?

ஆயினும், ஆட்டக்காரரின் தகுதியைப் பற்றிய இவ்வழக்கைவிட, பார்வையாளரின் நெஞ்சைப் பற்றிய வழக்கே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. "நீ எந்தப் பக்கம்?" என்னும் கேள்வி அக்காலத் தமிழருக்கு விளையாட்டுக் கேள்வியன்று. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதிச் சீட்டுக்கு அலைந்தனர், பலர் கப்பலேறினர். அவ்வழியனுப்புதல்கள் மறவாத நெஞ்சோடுதான் எஞ்சியோர் 1975இல் வானொலி கேட்டனர். இங்கே வாழ்வையும் உழைப்பையும் கொடுத்தவர், மலேசியாவின் தோல்விக்குக் கண்கலங்கிவிட்டு, இறுதியாட்டத்தில் இந்தியா வெல்ல விழைந்தார் எனில் அதை இரண்டகம் என்பது எந்த அறம்? பெற்றவளை நினைத்தவன் கட்டியவளை மறந்தான் என்று எந்த வீட்டிலும் தீர்ப்பு எழுதுவதில்லையே.

களத்தில் நின்றோருக்கு விதி ஒரு முடிவைக் கட்டாயமாக்கியது. கேட்டிருந்தவர் வானொலியை அணைத்துவிட்டு, மறுநாள் காலைப் பட்டறைச் சங்கொலிக்கு எழவேண்டியவராய்ப் படுக்கச் சென்றிருப்பார், இரண்டு அணிகளையும் நெஞ்சில் சுமந்தபடியே.