சதுர அடிக்கு வருமானம் கிடையாது

திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் காலமெல்லாம் அரம் பிடித்துப் பூட்டு செய்தவருக்கு ஓய்வு என்பது ஒரே நாளில் வருவதில்லை. கண் மங்கும், விரல் நடுங்கும், பட்டறைக்குப் போகிற நாள்கள் குறையும். ஒரு கட்டத்தில் அவர் இனி வீட்டோடுதான் என்று தெருவே ஏற்றுக்கொள்ளும். பணிக்கொடை கிடையாது. நலவாரியத்தில் பதிந்து வைத்திருந்தால் மாதம் 1200 ரூபாய் வரலாம். மிச்சம் என்று சொல்ல ஒரு வீடு. அந்த வீட்டை மாநகராட்சி சதுர அடியில் அளக்கிறது, தெருவை மண்டலத்தில் சேர்த்து மதிப்புப் போடுகிறது, அரையாண்டுக்கு ஒருமுறை வரி கேட்கிறது. உள்ளே குடியிருப்பவருக்கு மாதம் என்ன வருகிறது என்ற கேள்வி அந்தக் கணக்கில் எங்கும் எழுவதில்லை.

வரியே கூடாது என்று நாம் சொல்லிவிட முடியாது. 1866-இல் நகராட்சியாகி 2014-இல் மாநகராட்சியான ஊர் இது. குப்பை அள்ளுகிறவரின் கூலியும் தெருவிளக்கும் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. சொத்துவரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கும் போகிறது. காலையில் நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகையை முதலில் விரிப்பவர் யார் என்று பார்த்தால், அந்தப் பத்துக் காசு வீண் என்று சொல்ல மனம் வராது. நகரத்தை நாள் முழுதும் நடந்து அனுபவிப்பவர்கள் முதியவர்களே. அவர்கள் வரியை மறுத்ததும் இல்லை. உறுத்துவது அது ஏறுகிற விதம்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் பிறந்ததும் வரி உயர்வு அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பிருந்த அரசு 2018-இல் உயர்த்திய வரியை அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்த நாளும் ஒரு தேர்தலுக்குச் சற்று முன்புதான். நம் நகராட்சி நிதியியலுக்கு இந்த மட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. 2022 உயர்வு, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் இரட்டிப்பு. மாநிலப் பொருளாதாரம் வளர வளரச் சொத்துவரியும் வளர வேண்டும் என்பது 15-ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனை. அதன்படி ஆண்டுதோறும் 6 சதவீத உயர்வும் பின்னால் வந்து சேர்ந்தது. ஊர் வளர்கிறது, வரி வளர்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேடசந்தூர் சாலை நூற்பாலைகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் நம்பியிருக்கும் தொழிலாளர் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் 1000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்தும் அது அதே 1000தான். அதே 6 சதவீதம் இங்கும் ஏறியிருந்தால் அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 1790 ஆகியிருக்கும். பொருளாதாரம் வளர்ந்திருக்கிறது என்ற செய்தி வீட்டுச் சுவருக்கு வந்து சேர்கிறது, வீட்டுக்காரருக்கு வந்து சேர்வதில்லை.

அதே தெருவில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவரும் இருக்கிறார். அவருக்கு அகவிலைப்படி ஏறிக்கொண்டிருக்கிறது. வரி உயர்வை அவர் முணுமுணுத்துக்கொண்டே தாங்கிவிடுவார். டெல்லி மாநகராட்சி, முதியவர் தாம் குடியிருக்கும் வீட்டின் வரியில் 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது, நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தள்ளுபடி வயதை மட்டும் கேட்கிறது, வருமானத்தைக் கேட்பதில்லை. முதுமை எல்லோருக்கும் ஒரே விதமாக வருவதில்லை என்பது நம் தெருவுக்குத் தெரியும், சட்டத்துக்குத்தான் தெரியாது.

நம்மிடமும் ஒரு சலுகை இருக்கிறது. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை. தவறினால் மாதம் 1 சதவீதம் கூடுதல். கையில் பணம் இருப்பவருக்குத் தள்ளுபடி, இல்லாதவருக்கு அபராதம் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். திட்டமிடாமலேயே அப்படி அமைந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் அந்த முதியவர்கள் வரியைக் கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. மஞ்சப்பைக்குள் பட்டா நகல், மின்கட்டண அட்டை, இறந்துபோன கணவர் பெயரிலேயே இன்னும் வரும் வரி ரசீதுகள், எல்லாம் ஆண்டுவாரியாக நூல் கட்டிக் கிடக்கும். "மாத்திரை நாலு நா தள்ளி வாங்கிக்கலாம் தம்பி, ரசீது விட்டுப்போச்சுன்னா வீடு நம்மளுதுன்னு எப்படிச் சொல்றது?" என்று பில் கலெக்டரிடமே கேட்கும் அம்மாக்களின் ஊர் இது. அரசின் முதியோர் உதவித்தொகைக்கு ஆதரவற்றவராக இருக்க வேண்டும். சொந்தமாக வீடு இருப்பவர் அந்தத் தகுதியைச் சொல்லி நிறுவுவது எளிதல்ல. ஒரு மேசையில் வீடு அவரைப் பணக்காரராக்குகிறது, இன்னொரு மேசையில் அதே வீடு அவரைக் கடன்காரராக்குகிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைக் கடந்தவர் வரியை இப்போது கட்டாமல் வீட்டின் மேல் கடனாக ஏற்றி வைக்கலாம். வீடு கைமாறும்போது வட்டியோடு தீர்த்தால் போதும். இங்கு 2007 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த, வீட்டை ஈடுவைத்து வங்கியிடம் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் திட்டம் எடுபடவே இல்லை. பிள்ளைக்கு விட்டுப்போகும் வீட்டை வங்கிக்கு எழுதிக் கொடுக்க நம் பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அதைப் பிற்போக்கு என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. நடைமுறையில் நிவாரணம் என்பது திருப்பூரிலோ கோவையிலோ இருக்கும் மகன்தான். அவன் ஏப்ரலிலேயே செல்போனில் பணம் கட்டி 5 சதவீதத்தையும் வாங்கிவிடுகிறான். அப்படியொரு மகன் இல்லாத வீட்டை எந்த மண்டலத்தில் சேர்ப்பது என்று மட்டும் விதிப்புத்தகத்தில் இன்னும் எழுதப்படவில்லை.