மறுப்பது மனிதரா, நோயா?

கடும் மனச்சோர்வோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் உணவையும் மாத்திரையையும் மறுக்கலாம். சாக வேண்டும் எனலாம். அது அவருடைய விருப்பமா, நோயின் விளைவா என்பதே செவிலியர் எதிர்கொள்ளும் அறக்கேள்வி.

தன்னுரிமையே முதன்மை என்போர், உயிர் அவரவர்க்கே உரியது என்பர். ஆனால் மனச்சோர்வு தீர்மானிக்கும் மனத்தையே மாற்றிவிடும். நோய் தணிந்தபின் பலருக்கு அந்த விருப்பம் இருப்பதில்லை. ஆகவே பாதுகாப்பு என்பது அவரது உரிமையை அவருக்காகக் காத்து வைப்பதே.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தன்னுரிமை, பாதுகாப்பு இரண்டையும் ஏற்கிறது. சிகிச்சையைத் தீர்மானிக்கும் திறன் எல்லோருக்கும் உண்டு என்றே அது தொடங்குகிறது. தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதப்படுவார்; அவருக்குத் தண்டனை இல்லை.

நடைமுறையில் செவிலியர் ஆபத்தான பொருள்களை அகற்றுகிறார். மாத்திரை விழுங்கப்பட்டதா எனப் பார்க்கிறார். சாகும் எண்ணம் உண்டா என நேராகக் கேட்கிறார். அப்படிக் கேட்பது எண்ணத்தைத் தூண்டாது. சோர்வு குறையத் தொடங்கும் நாட்களிலும் கண்காணிப்பு தளரக்கூடாது. செயலூக்கம் முதலில் திரும்பி, துயரம் பின்னரே விலகலாம். அதே சமயம் எதை உடுப்பது, எப்போது குளிப்பது போன்ற சிறு தேர்வுகள் நோயாளியிடமே விடப்படுகின்றன. பேசாதவர் அருகே அமைதியாக அமர்ந்திருப்பதும் பணிதான்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லும் 950ஆம் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் சேர்த்தே எண்ணுகிறது.