தோளில் துண்டில்லாதவர்கள்

ஒரு செயலைச் செய்யாதே என்று சொல்வது ஒன்று. அப்படி ஒரு செயலே இல்லாதபடி உலகத்தை அமைத்துவிடுவது வேறொன்று. முதலாவதை மீறலாம். மீறினால் தண்டனை உண்டு, அந்தத் தண்டனையை எதிர்த்துப் பேசவும் இடமுண்டு. இரண்டாவதில் மீறுவதற்கே எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கோட்பாட்டு நூல்களில் படித்ததைவிட, என் அக்கா மகளின் வேலையைப் பற்றிக் கேட்டபோதுதான் நான் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

அவள் பெங்களூரில் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் டெக்னிக்கல் டிசைனராக இருக்கிறாள். விளையாட்டைக் கற்பனை செய்பவர் ஒருவர், நிரல் எழுதுபவர் ஒருவர், உருவங்களை வரைபவரும் அசைப்பவரும் வேறு சிலர். "இங்கே ஒரு கதவு, சாவி கிடைத்தால் திறக்கும்" என்று கற்பனை செய்பவர் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தக் கதவு எவ்வளவு அகலம், எவ்வளவு அருகில் வந்தால் அது ஆளை உணரும், யார் தொட்டால் திறக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் முடிவுசெய்து, மென்பொருளுக்குள் ஓடவைப்பது இவள் பொறுப்பு. "என்ஜினியருக்கும் கொத்தனாருக்கும் நடுவுல நிக்கிற மேஸ்திரி மாதிரி சித்தி" என்றாள்.

விளையாடுபவர் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு அவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. ஓடு, தாவு, சுடு, எடு, திற. அதை 'வெர்ப்' என்றே சொல்கிறார்கள். தொல்காப்பிய வினையியலை வருடாவருடம் வகுப்பில் நடத்துகிற எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பட்டியலில் 'திற' இல்லையென்றால், அந்த உலகத்தில் கதவு வெறும் சுவர். யாரும் உங்களைத் தடுக்கவில்லை. நீங்களும் தடுக்கப்பட்டதாக உணரமாட்டீர்கள்.

எங்கள் ஊர் வீரசோழன். திருச்சுழி, நரிக்குடி வட்டாரம். கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை, மழை பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். பக்ரீத் நெருங்கினால் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கும். என் சிறுவயதில் நான் பார்த்த வீடுகளில் ஆட்டை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். குட்டி போட்டால் இரவெல்லாம் கண்விழிப்பது, கருவேலங்காய் பொறுக்கி வந்து போடுவது, சினையா இல்லையா என்று வயிற்றைத் தடவிச் சொல்வது எல்லாம் அவர்கள்தான். சந்தையில் கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் ஆண்கள். பெண் ஆடு விற்கக் கூடாது என்று ஊரில் எந்தக் கட்டுப்பாடும் இருந்ததில்லை. ஆனால் விலை பேசுவது துண்டுக்குள் நடந்தது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து ஆயிரத்தையும் நூற்றையும் சொல்வார். சுற்றி நிற்பவனுக்குத் தொகை தெரியாது. பெண்ணின் தோளில் துண்டு இல்லை. முந்தானைக்குள் அந்நிய ஆண் கையைவிட்டு விரல் பிடிப்பதை யாரும் கற்பனைகூடச் செய்யமாட்டார்கள். ஆக, அவள் விற்பதற்கான வினை அங்கே இல்லை. தடை போட்டது யார் என்று கேட்டால் ஊரில் ஒருவரையும் கைகாட்ட முடியாது.

பழைய விளையாட்டுகளிலும் இப்படித்தானே என்று கேட்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. பதினைந்து ஆடுகளுக்கும் சேர்ந்து நின்று மூன்று புலிகளை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உண்மைதான். ஆனால் அந்தக் கட்டம் கோயில் தரையிலோ திண்ணையிலோ கரிக்கோடாகக் கண்முன்னே கிடக்கிறது. "எங்க ஊர்ல இப்படிக் கெடையாது" என்று ஒருத்தி சொன்னால் சண்டை வரும், அழுகுணி என்பார்கள், சில சமயம் விதியே மாறிவிடும். வீடியோ கேமில் அந்தச் சண்டைக்கு ஆள் இல்லை. விதியை எழுதியவர் வேறொரு ஊரில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் அந்த எழுதியவருக்கு அறப்பொறுப்பு உண்டா? "நான் கருவி செய்கிறேன், கதை என்னுடையது அல்ல" என்பது தொழில்நுட்பத்துறையினரின் வழக்கமான பதில். 2014இல் இந்தப் பதில் உலகம் முழுக்கக் கேட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கும் 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' என்ற விளையாட்டில், பலர் சேர்ந்து விளையாடும் பகுதியில் பெண் உருவம் ஏன் இல்லை என்று யூபிசாஃப்ட் நிறுவனத்தைக் கேட்டார்கள். அசைவுகளையும் குரல்களையும் உடைகளையும் இரண்டு மடங்கு செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவு வேலை என்றார்கள். பெண் பெரிய செலவு! அதே வரிசையில் முன்பு பணியாற்றிய அசைவூட்டக் கலைஞர் ஜோனதன் கூப்பர், அது ஒன்றிரண்டு நாள் வேலைதான் என்று பொதுவெளியில் மறுத்தார். 1793இல் மாராவைக் கொன்ற சார்லோட் கோர்டே ஒரு பெண் என்பதையும் பலர் நினைவூட்டினார்கள். நான் அந்த நிறுவனத்தை வில்லனாக்க விரும்பவில்லை. என் கவனமெல்லாம் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தில்தான். 'மாட்டோம்' என்ற இடத்தில் 'முடியாது' வந்து உட்காருகிறது. அதற்குப்பின் கேட்டவள்தான் விவரமில்லாதவளாகிறாள்.

'முடியாது' எப்போதும் பொய் என்றும் சொல்லமாட்டேன். கரோல் ஷா 1978இல் அட்டாரியில் வேலைக்குச் சேர்ந்தவர். பெண் வந்துவிட்டாள், இனி கார்ட்ரிட்ஜ் பெட்டிகளுக்கு வண்ணம் பொருத்தலாம் என்ற பாணியில் நிறுவனத் தலைவர் பேசியதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு ஆக்டிவிஷனுக்குப் போய், 1982இல் 'ரிவர் ரெய்ட்' செய்தார். ஒரு நீண்ட ஆற்றின் மேல் விமானம் பறக்கும் விளையாட்டு. அவருக்குக் கிடைத்த இடம் நான்கு கிலோபைட். ஆற்றை வரைந்து சேமிக்க அது போதாது. ஆற்றைச் சேமிக்காமல், ஆறு உருவாகும் விதியை மட்டும் எழுதிவைத்தார். விளையாடும்போது ஆறு வளைந்து வளைந்து பிறந்துகொண்டே வரும், ஒவ்வொரு முறையும் அதே வளைவுகளோடு. பற்றாக்குறை அங்கே உண்மையானது. அதை அவர் எவரையும் வெளியே நிறுத்துவதற்கான காரணமாக்கவில்லை.

வினைப்பட்டியலில் வேறு சொற்களைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணமும் வந்துவிட்டது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. சுடு, வெட்டு எதுவும் கிடையாது. கிழிந்து மங்கிய சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். என் மாணவி ஒருத்தி, "மறுபடியும் அடுப்படியா மேடம்?" என்று முகம் சுளித்தாள். அவள் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், அம்மாக்கள் கையில் 'தானாக' வருவதாக நாம் நம்பிக்கொண்டிருந்த ஒன்று, அங்கே யோசித்துத் தவறி மறுபடி செய்து பார்க்க வேண்டிய அறிவாக நிற்கிறது. இட்லி அவித்தே அறியாத ஓர் ஆண் அதை விளையாடித் தோற்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது.

அக்கா மகளின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் வேலை செய்த விளையாட்டில் ஒரு கிராமத்து டீக்கடை. பெஞ்சில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், நடக்கிறார்கள், உட்காருவதே இல்லை. ஏன் என்று தோண்டிப் பார்த்திருக்கிறாள். எந்த வகை உருவம் அதைப் பயன்படுத்தலாம் என்று அந்த பெஞ்சுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆண் வகை மட்டும் இருந்தது. "யாரும் வேணாம்னு சொல்லல சித்தி. சேலை கட்டின உருவத்துக்கு உக்கார்ற அசைவே செய்யல. ஆம்பள அசைவைப் போட்டா முழங்கால் துணியைக் கிழிச்சுட்டு வெளிய வருது. அதனால விட்டுட்டாங்க."

அவளும் அசைவூட்டும் பிரிவிலிருந்த ஒரு தோழியும் இரண்டு இரவு உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்கள். இப்போது அந்த டீக்கடையில் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். எங்கள் ஊரில் நான் அதைப் பார்த்ததில்லை. அவளுடைய மேலாளர் நன்றாக இருக்கிறது என்றாராம், ஆனால் அட்டவணையில் இல்லாத வேலை, நேரக்கணக்கில் சேராது என்றும் சொன்னாராம்.

எனக்கு இங்கேதான் சிக்கல். இல்லாத வினையைக் கண்டுபிடித்தவள் பெண் என்பதற்காக, அதைச் செய்துகொடுக்கும் கடமையும் அவளுடையதா? செய்யாவிட்டால் குடத்தோடு ஒருத்தி நின்றுகொண்டே இருப்பாள். செய்தால், வீட்டில் எந்தக் கணக்கிலும் வராத வேலைகளின் வரிசையில் இது இன்னொன்று. பிழையைக் காண்பது அவள் பொறுப்பு, நீக்குவது நிறுவனத்தின் பொறுப்பு என்பதே என் கட்சி. அந்த இரவுகளை உதவி என்ற பெயரில் கரைய விடாதே, நேரக்கணக்கில் வேலை என்றே எழுது என்றேன். "புகார் பண்ற மாதிரி ஆயிரும் சித்தி" என்றாள். அவள் தயக்கத்தையும் நான் தள்ளமாட்டேன். சம்பளம் வாங்குவது அவள், நான் இல்லை.

போன வாரம் பேசியபோது எழுதிவிட்டதாகச் சொன்னாள். 'டீக்கடை பெஞ்சு, பெண் உருவம் உட்காருதல், 11 மணி நேரம்.' தோழியும் தன் பங்கை எழுதியிருக்கிறாளாம். மேலாளர் இன்னும் ஒப்புதல் தரவில்லை.